வேண்டாம் என்றே வாங்கியவரைக் குறித்து மலைவாயிலுக்கு

நலமே விளைக. ஏழு துறைகளிலும் மீனும் உப்பும் குறைவின்றிப் பெருகுக. கடற்கோலும் கரைக்கோலும் ஒன்றையொன்று கண்காணித்தபடியே நெடிது நிற்க.

முடிமன்னரை ஓட்டிய நாள்தொட்டு முடியின்றியே வாழ்ந்துவரும் ஏழ்துறை நாட்டின் கரைக்கோல் ஏந்தும் நெடுங்கிள்ளை, மலைவாயில் காவலரும், கணவாய்ப்படைத் தலைவரும், மலைக்கள்ளரை மடக்கிய தோளினரும், எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்றே ஊரைக் காக்கும் பெருமையினருமாகிய சாத்தம்பொறையனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் வீரர்க்கும் அவர்தம் பொதிக்கழுதைகட்கும் நலமே உண்டாகுக. இவ்விடத்தும் நலம் என எழுதுவது வழக்கம். அவ்வரிக்கு வந்தபோது கரைக்கோலார் எழுத்தாணியை நிறுத்தச் சொன்னமையால் அது இங்கே எழுதப்படவில்லை.

உப்புவண்டிக்காரன் வாயிலாக நீர் சொல்லியனுப்பிய சொல் வந்து சேர்ந்தது. "ஆத்தா ஒரு சொல் சொல்லட்டும். நான் ஆளோட இறங்கி வந்துடுறேன். அந்தக் கடல்காரனைக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டு, மறுநாளே மலை ஏறிடுறேன்" என்று, உம் குரலிலேயே, உம்மைப் போலவே மீசையைத் தடவிக்கொண்டு அவன் சொன்னான். அதற்கான விடை இவ்வோலையின் அடியில் உள்ளது. ஓலை வந்தால் அடியை மட்டும் படித்துவிட்டு எஞ்சியதைச் சுருட்டி வைப்பது உம் பழக்கம் என்பதைக் கரைக்கோலார் அறிவார். இம்முறை மேலிருந்து படிக்க. புதிதாய்ப் படையில் சேர்ந்தோர்க்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுக. அவர் பொருட்டே, நீர் அறிந்தவையும் இதில் மீண்டும் சொல்லப்படுகின்றன.

நம் நாட்டில் ஆண்டுக்கு இருவர் கோலேந்துவர். கப்பலும் துறையும் கடற்கோலார் பொறுப்பு. நிலமும் மலைவாயிலும் கரைக்கோலார் பொறுப்பு. ஒருவர் கட்டளையை மற்றவர் தடுக்கலாம். குடத்தில் பெயரிட்டு எடுப்பதால் இன்னார்தாம் வருவார் என்று யாரும் சொல்வதற்கில்லை. பதவி வேண்டும் என்று எவன் தன் வாயால் கேட்கிறானோ அவன் வாழ்நாள் முழுதும் பதவிக்கு ஆகான். மன்னரை ஓட்டிய முன்னோர் வகுத்த முதற்சட்டம் அது. கேட்பவனுக்கு அஞ்சினார்கள் அவர்கள். கேளாதவனுக்கு அஞ்ச வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆண்டு முடிவில் இரு கோல்களும் அவை முற்றத்தில் தரையில் கிடத்தப்படும். மறுநாள் குடம் திறக்கும்வரை நாட்டுக்குத் தலையே இல்லை. தலையில்லா நாள் என்று நாம் கொண்டாடுவது அதைத்தான். காவலர் வீட்டுக்குப் போவர். கப்பல்களை மறிக்கும் துறைமுகச் சங்கிலி அவிழ்ந்து கிடக்கும். எவர் கட்டளையும் செல்லாது. "இன்னைக்கு நீ சொல்றத நான் எதுக்குக் கேக்கணும்?" என்று மனைவியர் கணவரைப் பார்த்துச் சிரிப்பர். "என்னைக்கு நீ கேட்ட?" என்று கணவர் முணுமுணுப்பர். அந்த ஒரு நாள் ஊர் தன்னைத் தானே நடத்திக்கொள்வதால்தான், மற்ற நாள்களில் கோலேந்துவோர் தம்மை ஊரினும் பெரியவர் என்று எண்ணாதிருக்கிறார்கள். அந்நாளுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

கடற்கோலார் எயினனாரை நீர் அறிவீர். கடற்கொள்ளையரைத் துரத்தியவர், அரிசிக்கப்பல்களை மீட்டுவந்தவர், பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு பேசுபவர், எவரையும் உறவு சொல்லி அழைப்பவர். சென்ற பஞ்சத்தில் மக்கள் திரண்டுவந்து, "இனிமே நீங்க மட்டும் போதும், ரெண்டு கோலையும் நீங்களே வச்சுக்குங்க" என்று அவையின் கதவை உலுக்கினார்கள். அவர் கண்ணீர் விட்டார். முற்றத்தில் முழந்தாளிட்டு வீழ்ந்து, "என்னைப் பாவியாக்காதீங்க. நான் கப்பக்காரன். எனக்கு எதுக்குக் கோலு?" என்று கைகூப்பினார். ஊரே அழுதது. கரைக்கோலார் நெடுங்கிள்ளையும் அழுதார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒருத்தன் பொறக்க ஊர் குடுத்து வச்சிருக்கணும்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லவும் செய்தார். இவ்வளவு பெரியதை மறுத்தவருக்குச் சிறியதொன்றாவது கொடுக்காவிட்டால் நன்றாயிராது என்று, அரிசிக்கப்பல்களின் காவலை அவை அவருக்கு அளித்தது. அதை அவர் மறுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர்தான் கரைக்கோலார் அந்தப் பாயைக் கண்டார். முற்றம் முழுதும் வெறுங்கல். எயினனார் வீழ்ந்த இடத்தில் மட்டும் புதுக்கோரைப்பாய் விரித்திருந்தது. அவை பெருக்கும் பெண்ணை அழைத்தார்.

"இந்தப் பாய யாருடி விரிச்சது?"

"கடற்கோலார் வீட்டு ஆளுங்கதான், ஆத்தா. விடிஞ்சதுமே வந்து விரிச்சிட்டுப் போனாங்க."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். கல்லுத்தரை, முட்டி நோவும்னாங்க."

"யாரு முட்டி?"

அவள் சிரித்தாள், கரைக்கோலாருக்குச் சிரிப்பு வரவில்லை. மக்கள் திரண்டது பிற்பகலில். அழுகை வந்தது அதற்கும் பிறகு. பாயோ காலையிலேயே வந்துவிட்டது.

அதன்பின் அவர் எதையும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. மறுமுறை எயினனார் மறுத்தபோது எந்தத் துறையின் தீர்மானத்தையும் தடுக்கும் உரிமை அவர் கைக்கு வந்தது. அதற்கடுத்து மறுத்தபோது துறைமுகச் சங்கிலியின் திறவுகோல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஊர் கொடுத்ததைவிட அவர் மறுத்ததே பெரிதாகத் தெரிந்தது. ஊர் மறுத்ததைப் பாடிற்று, கொடுத்ததை மறந்தது. கரைக்கோலார் இதை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கோல்மீது ஆசை வந்து பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். ஆசை என்ற சொல் காதில் விழுந்தாலே நம் ஊர் சட்டத்தைத் தேடும்.

யவனர் பண்டசாலையில் மதுச்சாடிகளுக்குக் காவலிருக்கும் லூக்கியன் என்னும் பழம்போர்வீரன், கள்ளுண்ட பொழுதில், "இந்த நாடகத்த நான் எங்க ஊர்லயே பாத்துட்டேன்" என்று உளறியதாகச் செய்தி வந்தது. கரைக்கோலார் தாமே அங்குச் சென்றார். உடன் அவர் தங்கை மகனும் அவை உறுப்பினனுமாகிய தும்பன் சென்றான். படகுக்கொட்டில் உடையவன், கை முந்தும் குணத்தவன், இடுப்பில் கத்தியின்றி வெளியில் இறங்காதவன்.

"யவனா, உரோமாபுரிக் கதையச் சொல்லு. ஆனா கதையாச் சொல்லாத. யாரு என்ன சொன்னான், அதுக்கு மத்தவங்க என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்லு. பேச்சக் கேட்டாத்தான் எனக்கு ஆளு தெரியும்."

"அப்ப நான் ஊருக்கே கொரல் குடுக்கணும், ஆத்தா" என்றான் அவன், கவிழ்த்த சாடிமேல் உட்கார்ந்து. "எங்க ஊர்லயும் ராசா கெடையாது. ஓட்டிட்டோம். வருசத்துக்கு ரெண்டு தலைவரு. ஒருத்தன் ஆமான்னு சொல்லி, இன்னொருத்தன் இல்லைன்னா, இல்லைதான் செல்லும்."

"எங்களப் போலவே."

"உங்களப் போலவே. அதான் எனக்கு இந்த ஊரு புடிச்சுது. அதான் இப்ப பயமா இருக்கு."

"எங்க வந்து கெட்டுது?"

"எங்கிட்டதான்" என்று அவன் தன் மார்பைத் தட்டினான். "படைக்காரன்கிட்ட. தூர தேசத்துல வருசக்கணக்கா சண்ட போட்டுட்டு வந்து, உழ நெலம் வேணும்னு அவையக் கேட்டோம். பாக்கலாம்னாங்க. எங்க தலைவனைக் கேட்டோம். 'நான் தர்றேண்டா'ன்னான். அப்புறம் நாங்க யாரு பேச்சக் கேப்போம்?"

இவ்விடத்தைப் பொறையனார் இருமுறை படிக்க.

"எங்கப்பன் காலத்துல ஒருத்தன் படையோட ஊருக்குள்ள வந்தான். 'குடியரசைக் காப்பாத்த வந்தேன்'னான். புடிக்காதவன் பேரெல்லாம் எழுதி ஊரு நடுவுல மாட்டி, ஒவ்வொருத்தனாக் கொன்னான். பெறகு தானாவே எறங்கி வீட்டுக்குப் போனான்."

"போயிட்டானா? அப்ப நல்லவன்தானே?" என்றான் தும்பன்.

"எறங்கிப் போனத யாரு நெனைச்சா, தம்பி? ஏறி வந்த வழியத்தான் எல்லாரும் நெனைப்புல வச்சிருந்தாங்க. எங்க தலைவன், அந்த மொட்டத்தலையன், அதே வழியில வந்தான். ஒரு சின்ன ஆறு. அதத் தாண்டிப் படை வரக்கூடாதுன்னு சட்டம். நானும் தாண்டினேன். தாண்டும்போது எனக்குக் கால் நனைஞ்சதுதான் தெரிஞ்சுது, வேற ஒண்ணும் தெரியல."

"தாண்டச் சொல்லும்போது என்ன சொன்னான்?"

"'என் மானம் போவுது, மக்களுக்காகப் பேசினவங்கள அவை வெரட்டிடுச்சு, கேக்க வேண்டாமா?'ன்னான். நெசந்தான் அது. அதான் வம்பு. ஒவ்வொருத்தன் சொன்னதுலயும் ஒரு துண்டு நெசம் இருந்துச்சு."

பிறகு அந்த மொட்டைத்தலையனுக்குத் திருவிழாவில் ஒருவன் பட்டம் கட்ட வந்ததையும், அவன் அதைத் தள்ளிவிட்டதையும், ஊர் கைதட்டியதையும் லூக்கியன் சொன்னான். சாகும்வரைக்கும் தனித்தலைவன் என்பதை அவன் அதற்கு முன்பே வாங்கியிருந்தானாம். தள்ளிய பட்டத்துக்குத்தான் கைதட்டல். வாங்கியதைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

"அவனைக் குத்திட்டாங்கல்ல?" தும்பனுக்குக் கண் மின்னியது.

"குத்திட்டாங்க. அவையிலயே வச்சு. இருபதுக்கு மேல குத்து."

"அப்ப முடிஞ்சுது!"

"என்ன முடிஞ்சுது? குத்தின கையத் தூக்கிக்கிட்டு 'விடுதல, விடுதல'ன்னு தெருவுல போனாங்க. தெரு கதவச் சாத்திக்கிச்சு. யாரும் வெளிய வரல. பெறகு அவனோட தத்துப்புள்ள வந்தான். மொகத்துல பூனமயிருதான். ஆனா செத்தவனப் பாத்து ஒண்ணு கத்துக்கிட்டான்."

"என்னது?"

"கேட்டாத்தான் குத்துவாங்க. அதனால கேக்காத."

கரைக்கோலார் தம் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சொந்தப் படை சேத்தான். கூட நின்னவன், எதுக்க நின்னவன் எல்லாரையும் ஒருத்தர் ஒருத்தராத் தீத்தான். எல்லாம் முடிஞ்சு அவைக்கு வந்து நின்னு, 'இந்தாங்க, படை, நாடு எல்லாம் உங்களுது. நான் வீட்டுக்குப் போறேன்'னான்."

"அவங்க?"

"'ஐயோ, விட்டுட்டுப் போகாதீங்க'ன்னு கத்துனாங்க. சில பேரு பயத்துல கத்துனாங்க. சில பேருக்கு மொதல்லயே சொல்லி வச்சிருந்துச்சாம். நெசமா அழுதவங்களும் உண்டு, பொய் சொல்லக்கூடாது."

"பாய் விரிச்சிருந்தாங்களா?"

"என்ன பாயி?"

"ஒண்ணுமில்ல. மேல சொல்லு."

"'இவ்வளவு கெஞ்சுறீங்களே, சரி, சண்ட நடக்குற நாடுகள மட்டும் நான் பாத்துக்குறேன். பத்து வருசத்துக்குத்தான். அமைதியான நாடெல்லாம் நீங்க வச்சுக்குங்க'ன்னான்."

"படை இருக்குறது அவனுக்கு. படை இல்லாதது இவங்களுக்கு."

"பெரும்பாலும் அப்படித்தான். அதுக்கு அவன் வாசல்ல தழை கட்டினாங்க. குடிகளக் காத்தவன்னு மால போட்டாங்க. பத்து வருசம் முடிஞ்சா, மறுபடியும் கெஞ்சுவாங்க. நடுவுல பஞ்சம் வந்துச்சு. 'அவனையே தனித்தலைவனாக்குங்க, இல்லாட்டி உங்கள உள்ள வச்சுக் கொளுத்திடுவோம்'னு ஊரு அவையச் சூழ்ந்துக்கிச்சு. அவன் மண்டி போட்டான். மேலாடையக் கிழிச்சு நெஞ்சக் காட்டினான். 'வேண்டவே வேண்டாம்'னான்."

"அப்புறம் தானியம் மட்டும் பாத்துக்குறேன்னு சொல்லியிருப்பானே" என்றார் கரைக்கோலார் மெல்ல.

லூக்கியன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "ஆத்தா, நீங்க உரோமாபுரிக்கு வந்திருக்கீங்களா?"

"நான் அவையத் தாண்டி எங்கயும் போனதில்லடா."

"இன்னொண்ணும் செஞ்சாங்க. அதுதான் சூட்சுமம். மக்களுக்காகத் தடுத்துப் பேசுற பதவின்னு ஒண்ணு எங்க ஊர்ல உண்டு. அவன் அந்தப் பதவியில இல்ல. ஆனா அந்தப் பதவியோட அதிகாரம் மட்டும் அவன் பேருக்கு, சாகுற வரைக்கும்னு எழுதிட்டாங்க. பதவி வருசா வருசம் மாறும். பேரு மாறாதுல்ல?"

"இப்பவும் ரெண்டு தலைவரு உண்டா?"

"உண்டே! நல்ல குடும்பத்து ஆளுங்க. அழகா நடந்து போவாங்க, ஆத்தா. பாக்க நல்லாருக்கும்."

"அவனை ராசான்னு யாரும் சொல்றதில்லையா?"

"சொன்னா அவனுக்கே கோவம் வரும். 'நான் உங்கள்ல மொத ஆளு, அவ்வளவுதான்'பான்."

கரைக்கோலார் எழுந்து வெளியே வந்தார். நம் அவையின் அடுத்த அமர்வில் முன்மொழியப்படவிருப்பது அவர் நெஞ்சில் கல்லாய் இறங்கியது. இதுவரை கொடுத்தவை எல்லாம் 'இவ்வாண்டுக் கடற்கோலார்க்கு' என்றே கொடுக்கப்பட்டவை; கோல் தரை தொட்டால் அவ்வுரிமைகளும் தரை தொடும். அடுத்த அமர்விலோ, கொள்ளையர் அச்சத்தைக் காட்டி, சங்கிலித் திறவுகோலும் அரிசிக்காவலும் தடுக்கும் உரிமையும் 'எயினனார்க்கு, அவர் பெயரால்' என்று மாற்றப்படவிருக்கின்றன. கோலைக் கிடத்தினாலும் அவ்வுரிமைகள் அவரிடமே இருக்கும். தலையில்லா நாளில் எல்லாக் காவலரும் வீட்டுக்குப் போவர். அவர் ஆட்கள் மட்டும் துறையில் நிற்பர். அதன்பின் குடத்திலிருந்து எவர் பெயர் வந்தால் என்ன? அவரும் அழகாக நடந்து போவார்.

அன்றே கடற்கோலாரையும் அவர் கண்டார். எயினனார் துறைச்சுவரில் உட்கார்ந்து, வலை பின்னுவோருக்கு நடுவில் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து, நுங்குக்கண் ஒன்றைத் தோண்டி நீட்டினார்.

"வாங்க ஆத்தா. வெயில்ல ஏன் நடக்குறீங்க? சொல்லி விட்டா நானே வர மாட்டேனா?"

"ஒரு வார்த்த கேக்கணும். தலையில்லா நாள்ல நீ உன் ஊருக்குப் போயேன். திறவுகோல அவையில வச்சிட்டு. ஒரு நாள்தானே."

"போவேனே! எனக்கு என்ன ஆச பாருங்க, போயி அம்மா கையால ஒரு வாய் கஞ்சி குடிக்கணும்னு. ஊரு விடணுமே."

"விடச் சொல்லு."

அவர் சிரித்தார். சுற்றியிருந்தோரும் சிரித்தார்கள். "நானாக் கேட்டா வாங்கினேன், ஆத்தா? கேக்காம வந்தது. கேக்காம வந்தத எப்படிக் கேட்டுத் திருப்பிக் குடுக்குறது? கேக்கவே கூடாதுன்னுல்ல சட்டம்?"

"நாங்க விட மாட்டோம்!" என்று வலைக்காரன் ஒருவன் உரக்கச் சொன்னான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எயினனார் காதைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டார். அந்த வெட்கம் பொய்யா மெய்யா என்பதைக் கரைக்கோலார் இன்றளவும் அறியார். அதை இங்கே மறைக்கவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். பாயும் முட்டிவலிக்கே விரித்ததாக இருக்கலாம். ஆயினும் கள்வனுக்கும் நல்லவனுக்கும் ஒரே பூட்டைத்தான் மாட்டுகிறோம். ஆள் பார்த்துப் பூட்டைக் கழற்றுவதில்லை.

திரும்பும் வழியில் தும்பன் பொருமினான்.

"பெரியம்மா, ஒரு சொல்லு சொல்லுங்க. அமர்வுல அவரு பக்கத்துலதான் எனக்கு எடம்."

"அந்தக் கத்திய உள்ள வைடா. யவனன் சொன்னது உன் காதுல ஏறலியா?"

"அவங்களுக்குக் குத்தத் தெரியல."

"இருபது குத்துப் போதலங்கிறியா?"

அவன் கத்தியை இடுப்பில் செருகினான். "அப்ப பொறையனார வரச் சொல்லுங்க. அவரு நம்ம ஆளுதானே?"

கரைக்கோலார் நின்றுவிட்டார். நம்ம ஆள் என்ற சொல் அவரைக் கொள்ளையர் என்ற சொல்லைவிட அதிகம் அச்சுறுத்தியது. பொறையனாரே, நீர் உண்மையானவர் என்பதில் அவருக்கு ஐயமில்லை. உம்மை மலைவாயிலில் வைத்தவரும் அவரே. ஆயினும் உம் வீரர்க்கு உழுநிலம் தருவதாக அவை சொல்லிச் சொல்லிக் காலம் கடத்துவதையும், நீர் உம் தந்தையாரின் மலைச்சரிவைப் பகுத்து அவர்க்குக் கொடுத்ததையும் அவர் அறிவார். நீர் செய்தது அறம். யவனன் சொன்ன தலைவனும் அதைத்தான் செய்தான். உம்மையும் ஐயுறுகிறார் என்று நீர் வருந்தினால் வருந்துக; தம்மையும் ஐயுறுகிறார் என்பதையும் சேர்த்தே அறிக. உம் வாய்மொழி வந்த மாலையில், 'வா' என்ற சொல் அவர் நாவின் நுனிவரை வந்து நின்றது. அது எவ்வளவு இனித்தது என்பதை அவர் மறக்கவில்லை.

கத்தியும் வேண்டாம், படையும் வேண்டாம் என்றால் எஞ்சுவது என்ன என்று தும்பன் கேட்டான். பழைய சட்டமொன்று எஞ்சியிருந்தது. கோலேந்துவோர் ஒருவர் ஆண்டின் நடுவில் இறந்தால் என்ன செய்வது என்று வகுத்தது அது. ஒரு கோல் எந்நாளில் தரை தொட்டாலும், மறுகோலும் அன்று பொழுது சாய்வதற்குள் தரை தொடவேண்டும்; தொட்டதும் தலையில்லா நாள் பிறக்கும்; மறுநாள் குடம் திறக்கும். இறந்தவர் கையிலிருந்து விழுந்த கோல்களை ஊர் கண்டதுண்டு. உயிரோடிருப்பவர் தாமே முன்கூட்டிக் கிடத்தியதை ஊர் கண்டதில்லை. கிடைத்த ஆண்டைக் குறைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

"நீங்க எறங்கிட்டா, அவரு எறங்கலைன்னா?" என்றான் தும்பன்.

"அப்ப அவன் கோலக் கையில புடிச்சுக்கிட்டு ஊரு முன்னால நிக்கணும். யாரும் கெஞ்சியிருக்க மாட்டாங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவனா வச்சுக்கிட்டாத்தான் உண்டு. இது வரைக்கும் வேண்டாம் வேண்டாம்னே வாங்கினவன் ஒரு தடவ வேணும்னு சொல்லணும்ல? சொல்லட்டும். ஊரு கேக்கட்டும்."

"ஊரு கேட்டுட்டு, சரி வச்சுக்கன்னு சொல்லிட்டா?"

 வீட்டு வாயிலை அடைந்ததும் கரைக்கோலார், "சொல்லிட்டா, ஊரே தெரிஞ்சு குடுத்ததா இருக்கும். தெரியாமப் போயி மாட்டாது. அதுக்கு மேல என்னால ஆகாதுடா" என்று சொல்லி உள்ளே போனார். தும்பன் கத்தியை வாசலிலேயே வைத்துவிட்டுப் பின்னால் சென்றான்.

ஆதலின் பொறையனார் அறிக. அவை அமர்வதற்கு முன்னரே, மீன்சந்தை கூடி ஊர் விழித்திருக்கும் காலைப்பொழுதில், நெடுங்கிள்ளை முற்றத்துக்குச் சென்று கரைக்கோலைக் கல்தரையில் கிடத்துவார். பாய் விரிக்கப்படமாட்டாது. அதன்பின் கடற்கோலார் தம் கோலைக் கிடத்துவாரா, மாட்டாரா என்பதை இவ்வோலை அறியாது, எழுதுவிப்பவரும் அறியார். நடுங்காமல் இதை எழுதுவித்தார் என்று எவரேனும் உமக்குச் சொன்னால் நம்பாதீர்.

இனி உமக்கு ஆணை. கரைக்கோல் அவர் கையில் இருக்கும்போதே இடப்படுவதால் இது செல்லும். அவர் இடும் ஆணைகளுள் இதுவே இறுதியானது.

நீர் எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டாம். உம் வீரருள் ஒருவனும் படைக்கலத்தோடு தாண்ட வேண்டாம். எயினனார் கோலைக் கிடத்தவில்லை என்று கேள்வியுற்றாலும் வர வேண்டாம். அதைக் கேட்க வேண்டியது ஊர். துறையில் புகை எழக் கண்டாலும் வர வேண்டாம். தீயணைக்கத் தண்ணீரும் ஆடவரும் துறையிலேயே உண்டு. நெடுங்கிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது என்று எவரேனும் அழுதுகொண்டு வந்து சொன்னால், அழுகையைக் கேட்டுக்கொண்டு, வந்தவருக்குக் கூழ் கொடுத்துத் திருப்பி அனுப்புக. புதுக்கோலேந்துவோர் இருவரும் ஒருங்கே முத்திரையிட்டு அழைக்கும்வரை மலைவாயிலே உம் இடம். உம் வீரரின் நிலத்தைக் குறித்து அவையருக்குத் தனியே ஓலை போகிறது. அதைத் தரவேண்டியவர் அவர்களே, நீரல்லர்.

இவ்வோலையில் பதியும் கரைமுத்திரை இதன்பின் எதன்மேலும் பதியாது. பதித்த சூட்டிலேயே தும்பன் கையால் உடைக்கப்படும். ஆகவே நாளையோ மறுநாளோ இதே முத்திரையோடு, இதே பெயரால், 'உடனே வருக' என்றோர் ஓலை உம்மிடம் வந்தால், அது கள்ள ஓலை. அவர் கையெழுத்தே போலிருந்தாலும் கள்ள ஓலை. அவரே நேரில் வந்து மன்றாடினாலும், கோலில்லாத ஒரு பெண்பிள்ளை மன்றாடுகிறாள் என்றே கொள்க.

வராதிருப்பது கோழைமை என்று உம் வீரர் முணுமுணுப்பர். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுக. நீர் வந்தால் வெல்வீர். அதில் எவர்க்கும் ஐயமில்லை. வென்றதும் மறுநாளே மலை ஏறுவதாகச் சொன்னீர், ஏறவே புறப்படுவீர். அப்போது ஊர் திரண்டு வந்து உம் காலைக் கட்டிக்கொண்டு, இனி நீர் மட்டும் போதும் என்று அழும். நீரும் முதலில் வேண்டாம் என்பீர்.

இவ்வாணை மலைவாயிலில் நிற்க. கரைமுத்திரை.